நூலும் உருண்டையும்: வான்வழித் தூரத்தை வகுப்பறையில் அளப்பது

(பாடி வட்டாரப் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கான குறுவளமையக் கூட்டத்தில், சமூக அறிவியல் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேசப்போவது தூரத்தைப் பற்றி. மிகச் சரியாகச் சொன்னால், இரண்டு ஊர்களுக்கு இடையே விமானம் பறக்கும் தூரத்தைப் பற்றி. இது ஆறாம் வகுப்பில் வரும் அட்சக்கோடு, தீர்க்கக்கோடு பாடத்துக்கும், எட்டாம் வகுப்புக் கணக்கில் வரும் வட்ட வில்லின் நீளத்துக்கும் நடுவில் நிற்கிற விஷயம். நடுவில் நிற்பதாலேயே இரண்டு ஆசிரியர்களும் இதைத் தொடாமல் போய்விட வாய்ப்பு உண்டு. 'அது கணக்கு' என்று நாம் விடுவோம். 'அது புவியியல்' என்று அவர்கள் விடுவார்கள்.

நம் பிள்ளைகள் லூகாஸ் பஸ் நிறுத்தத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் விமானம் தெரிகிறது. மீனம்பாக்கம் இங்கிருந்து அதிகத் தொலைவு இல்லை. ஆனால் அந்த விமானம் எங்கே போகிறது, எந்த வழியாகப் போகிறது, எவ்வளவு தூரம் போகிறது என்று கேட்டால், 'போனில் பார்த்தால் வரும் மிஸ்' என்கிறார்கள். உண்மைதான், வரும். எண் வரும். அந்த எண் எப்படி வந்தது என்பது வராது. அதைச் சொல்லிக்கொடுக்கத்தான் நாம் இருக்கிறோம்.

முதலில் பக்கத்து ஊர்

நான் எட்டாம் வகுப்பில் இந்தப் பாடத்தை ஒரு கேள்வியோடு தொடங்குவது வழக்கம். 'சென்னைக்கு அருகில் இருப்பது மதுரையா, யாழ்ப்பாணமா?' வகுப்பு முழுக்க ஒரே குரலில் 'மதுரை' என்று பதில் வரும். யாழ்ப்பாணம் வேறு நாடு, கடல் தாண்டிப் போகவேண்டும், ஆகவே தூரம். பிள்ளைகளின் நியாயம் இது.

இப்போது எண்களைப் பார்ப்போம். சென்னை விமான நிலையம் ஏறத்தாழ 13° வடக்கு அட்சத்தில், 80.2° கிழக்குத் தீர்க்கத்தில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையம் 9.8° வடக்கு, 80.1° கிழக்கு. இரண்டும் ஏறத்தாழ ஒரே தீர்க்கக்கோட்டில் இருக்கின்றன. சென்னையிலிருந்து நேர் தெற்கே போனால் யாழ்ப்பாணம். எனவே கழித்தால் போதும். 13-இலிருந்து 9.8 போனால் 3.2 டிகிரி. ஒரு டிகிரி அட்சத்துக்கு 111 கிலோமீட்டர். பெருக்கினால் ஏறத்தாழ 355 கிலோமீட்டர்.

மதுரை விமான நிலையமும் 9.8° வடக்கில்தான் இருக்கிறது. ஆனால் தீர்க்கம் 78.1°. அதாவது யாழ்ப்பாணத்துக்கு நேர் மேற்கே இரண்டு டிகிரி தள்ளி. அந்த அட்சத்தில் ஒரு டிகிரித் தீர்க்கம் ஏறத்தாழ 110 கிலோமீட்டர். எனவே 220 கிலோமீட்டர். இப்போது கரும்பலகையில் மூன்று ஊர்களையும் புள்ளியாக வைத்தால் ஒரு செங்கோண முக்கோணம் கிடைக்கிறது. செங்கோணம் யாழ்ப்பாணத்தில். சென்னை–மதுரை கர்ணம். பிதாகரஸ் தேற்றம் போட்டால் 418 கிலோமீட்டர் அளவில் விடை வருகிறது. சாலையில் போனால் சுமார் 460.

ஆக, வான்வழியில் சென்னைக்கு மதுரையைவிட யாழ்ப்பாணம் அறுபது கிலோமீட்டர் பக்கம். 2019 அக்டோபரில் பலாலி பன்னாட்டு விமான நிலையமாகத் திறக்கப்பட்டபின் சென்னையிலிருந்து அங்கே விமானம் போகத் தொடங்கியது என்பதையும் சொல்வேன். பிள்ளைகள் நம்பமாட்டார்கள். உடனே வரைபடத்தை எடுத்து அளவுகோல் வைத்துப் பார்ப்பார்கள். 'ஆமாம் மிஸ்!' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம்தான் பாடத்தின் முதல் வெற்றி. 'பக்கம்', 'தூரம்' என்று நாம் மனத்தில் வைத்திருப்பதில் பாதி, எல்லைக்கோடும் பாஸ்போர்ட்டும் சேர்ந்து உண்டாக்கியது. நிலத்தின் மேல் இருக்கும் தூரம் வேறு.

111 எங்கிருந்து வந்தது?

இந்த இடத்தில் ஒரு நல்ல மாணவர் கேட்கவேண்டிய கேள்வி உண்டு. 'ஒரு டிகிரிக்கு 111 கிலோமீட்டர் என்று யார் சொன்னது?' யாரும் கேட்காவிட்டால் நாமே கேட்கவேண்டும்.

பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், 1791-இல், உலகம் முழுவதற்கும் பொதுவான ஓர் அளவு வேண்டும் என்று பிரான்சின் அறிவியல் அகாதமி முடிவு செய்தது. மன்னரின் முழம், மன்னரின் அடி எல்லாம் வேண்டாம். பூமியையே அளவாக வைப்போம் என்றார்கள். வடதுருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரை உள்ள தூரத்தை ஒரு கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு ஒரு மீட்டர். அப்படியானால் துருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரை 10,000 கிலோமீட்டர். பூமியைத் துருவங்கள் வழியாக ஒரு சுற்றுச் சுற்றினால் 40,000 கிலோமீட்டர். இது தற்செயலாக முழு எண்ணாக அமைந்தது அல்ல. மீட்டரே அப்படித்தான் பிறந்தது. 40,000-ஐ 360-ஆல் வகுத்தால் 111. இதைச் சொன்னபின் எந்தப் பிள்ளையும் 111-ஐ மனப்பாடம் செய்யவேண்டியதில்லை.

ஆனால் பூமியை அளந்த கதையில் நம் ஊருக்கும் ஓர் இடம் உண்டு. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி, பரங்கிமலை அருகில் தொடங்கிப் பெரும்பாக்கம் குன்று வரை ஏழரை மைல் நீளத்துக்கு ஓர் அடிக்கோட்டை அளந்தார். நூறு அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி. சித்திரை வெயிலில் எஃகு நீளும் அல்லவா? அதனால் சங்கிலியை மரப்பெட்டிகளுக்குள் வைத்து, பக்கத்தில் வெப்பமானி வைத்து, வெப்பத்துக்குத் தக்கபடி கணக்கைத் திருத்தினார்கள். ஏழரை மைலை அளக்க ஏறக்குறைய இரண்டு மாதம் ஆனது. அந்த ஒரு கோட்டை அடிப்படையாக வைத்து, முக்கோணம் மேல் முக்கோணமாக, தெற்கே குமரி முனைப் பக்கத்திலிருந்து வடக்கே இமயமலை அடிவாரம் வரை இந்தியாவை அளந்தார்கள். லாம்டன் 1823-இல் பணியின் நடுவிலேயே இறந்தார். ஜார்ஜ் எவரெஸ்ட் தொடர்ந்தார். அந்த வேலையின் நோக்கங்களில் ஒன்று, ஒரு டிகிரி எவ்வளவு நீளம் என்று காண்பது. அதன் வழியாகப் பூமியின் வடிவத்தைக் காண்பது.

பாடியும் பரங்கிமலையும் ஏறத்தாழ ஒரே தீர்க்கக்கோட்டில் இருக்கின்றன. பாடி மேம்பாலத்தின் அடியிலிருந்து நேர் தெற்கே ஒரு நூலைப் பிடித்தால் பரங்கிமலைக்குப் போகும். அட்ச வித்தியாசம் ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. அதாவது சுமார் 10 கிலோமீட்டர். நூறடிச் சாலையில் திருமங்கலம், கோயம்பேடு, வடபழனி என்று போனால் தூரம் கூடத்தான் ஆகும். 'பாடிக்கும் பரங்கிமலைக்கும் பறவை பறக்கும் தூரம் என்ன, பஸ் போகும் தூரம் என்ன?' என்பது ஆறாம் வகுப்புக்கு நல்ல வீட்டுப்பாடம்.

தட்டைப் படம் செய்யும் வேலை

சிறிய தூரத்துக்குத் தட்டைக் கணக்குப் போதும். மதுரைக்குப் பிதாகரஸ் போதும். ஊர்கள் விலக விலகத் தட்டைக் கணக்கு நம்மைக் கைவிடும். பூமி உருண்டை என்பதை நம் பிள்ளைகள் மூன்றாம் வகுப்பிலிருந்தே சொல்கிறார்கள். ஆனால் அதை அவர்கள் நம்புகிறார்களா என்று சோதிக்க ஒரு வழி உண்டு. உலக வரைபடத்தின் முன் நிறுத்தி, பெங்களூருவிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குக் குறுக்கு வழியைக் காட்டச் சொல்லுங்கள். எல்லாரும் மேற்கே கோடு இழுப்பார்கள்: அரபிக்கடல், அரேபியா, ஆப்பிரிக்காவின் வடபகுதி, அட்லாண்டிக், அமெரிக்கா. வரைபடத்தில் அதுதான் நேர்க்கோடு. அந்தக் கோட்டில் போனால் ஏறத்தாழ 20,000 கிலோமீட்டர் போகவேண்டும். வரைபடத்தைச் சுருட்டிக் கிழக்கே பசிபிக் வழியாகக் கோடு இழுத்தாலும் 16,000 ஆகிவிடும்.

இப்போது உலக உருண்டையை எடுங்கள். பெங்களூருவில் நூலின் ஒரு முனையையும் சான் பிரான்சிஸ்கோவில் மறு முனையையும் வைத்து, தொய்வு இல்லாமல் இழுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். நூல் தானாகவே வடக்கே நழுவும். சீனா, சைபீரியா, 70 டிகிரி அட்சத்தைத் தாண்டி ஆர்க்டிக் பகுதி, பிறகு அலாஸ்கா, அங்கிருந்து கீழே கலிபோர்னியா. தூரம் ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர். நம் கை எதுவும் செய்யவில்லை. நூலே வழி காட்டியது. உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு இடையே மிகக் குறைந்த தூரம், அந்த இரண்டு புள்ளிகளையும் பூமியின் மையத்தையும் சேர்த்து வெட்டினால் கிடைக்கும் வட்டத்தின் ஒரு துண்டு. இதற்குப் பெருவட்டம் என்று பெயர். நிலநடுக்கோடு ஒரு பெருவட்டம். எதிரெதிர்த் தீர்க்கக்கோடுகள் இரண்டு சேர்ந்தால் ஒரு பெருவட்டம். நிலநடுக்கோடு தவிர்த்த மற்ற அட்சக்கோடுகள் பெருவட்டம் அல்ல.

இதைக் கதையாக அல்ல, நடந்த செய்தியாகவே சொல்லலாம். 2021 ஜனவரி 9 இரவு, சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஏர் இந்தியா விமானம் ஒன்று பெங்களூருவுக்குப் புறப்பட்டது. விமானி அறையில் இருந்த அனைவரும் பெண்கள். தலைமை விமானி ஜோயா அகர்வால். வடதுருவப் பகுதி வழியாக, எங்கும் இறங்காமல், ஏறத்தாழ 17 மணி நேரம் பறந்து, ஜனவரி 11 அதிகாலையில் பெங்களூருவில் இறங்கினார்கள்.

இந்தச் செய்திக்குள்ளேயே ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. 9-ஆம் தேதி இரவு புறப்பட்டு, 17 மணி நேரம் பறந்து, 11-ஆம் தேதி இறங்கியது எப்படி? நடுவில் 10-ஆம் தேதி எங்கே போனது? அங்கே இரவு எட்டரை மணி என்றால் இங்கே மறுநாள் காலை பத்து மணி. 13½ மணி நேர வித்தியாசம். காலை பத்துடன் பதினேழைக் கூட்டினால் அடுத்த நாள் அதிகாலை மூன்று. என் வகுப்பில் இந்தக் கணக்கை முதலில் போட்டு முடிப்பவர்கள் பெரும்பாலும் பெண் பிள்ளைகள். விமானி அறையில் நான்கு பெண்கள் என்று கேட்டபின் நிமிர்ந்து உட்கார்ந்தவர்கள் அவர்கள்தான்.

பெருவட்டத்தை எண்ணால் நிறுவவேண்டும் என்றால் இன்னும் எளிய எடுத்துக்காட்டு இருக்கிறது. ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் 60° வடக்கு, 30° கிழக்கு. அலாஸ்காவின் ஆங்கரேஜ் ஏறத்தாழ 61° வடக்கு, 150° மேற்கு. 30-உம் 150-உம் கூட்டினால் 180. அதாவது துருவத்தின் இரு பக்கமும் எதிரெதிராக இருக்கும் ஊர்கள். 60 டிகிரி அட்சக்கோட்டின் சுற்றளவு நிலநடுக்கோட்டில் சரிபாதி; 20,000 கிலோமீட்டர். அதன் வழியே பாதிச் சுற்றுப் போனால் 10,000. மாறாக, துருவத்தின் மேலேறிப் போனால்? இந்தப் பக்கம் 30 டிகிரி, அந்தப் பக்கம் 30 டிகிரி, மொத்தம் 60. அறுபதை 111-ஆல் பெருக்கினால் 6,660. மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் மிச்சம். இதற்குத் திரிகோணமிதி வேண்டாம்; கூட்டலும் பெருக்கலும் போதும்.

மடித்த காகிதப் பட்டை

இனி செய்முறை. இதற்கு ஒரு செலவும் இல்லை.

பழைய நாட்காட்டித் தாளில் விரலகலத்துக்கு ஒரு நீளப் பட்டை வெட்டிக்கொள்ளுங்கள். உலக உருண்டையின் நிலநடுக்கோட்டைச் சுற்றி அதை ஒட்டிப் பிடித்து, ஒரு சுற்று முடியும் இடத்தில் வெட்டிவிடுங்கள். அந்தப் பட்டையின் நீளம் 40,000 கிலோமீட்டர். பாதியாக மடித்தால் 20,000. மீண்டும் மடித்தால் 10,000. மீண்டும் 5,000. நான்காம் முறை மடித்தால் 2,500. பிரித்துப் பார்த்தால் பதினாறு சம கட்டங்கள். கட்டம் ஒன்றுக்கு 2,500 கிலோமீட்டர். உருண்டை பெரிதோ சிறிதோ, எந்தப் பள்ளியில் எந்த அளவில் இருந்தாலும் இந்தப் பட்டை வேலை செய்யும். சரிபார்க்கவும் வழி உண்டு: துருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரை வைத்தால் நான்கு கட்டம் வரவேண்டும்.

உருண்டையே இல்லாத பள்ளியாக இருந்தால் ஒரு பழைய கால்பந்து போதும். துருவம் இரண்டையும் குறித்து, நடுவில் நிலநடுக்கோடு வரைந்து, அதை எட்டாகப் பிரித்தால் 45 டிகிரிக்கு ஒரு தீர்க்கக்கோடு. ஊர்களைப் பிள்ளைகளே குறிப்பார்கள்.

இந்தப் பட்டையை வைத்து அளந்தால் சென்னை–டில்லி ஒரு கட்டத்துக்குள் அடங்கும். உண்மைத் தூரம் சுமார் 1,760 கிலோமீட்டர். சென்னை–சிங்கப்பூர் ஒரு கட்டத்துக்கு மேல் கொஞ்சம், சுமார் 2,920. சென்னை–லண்டன் மூன்று கட்டத்தைத் தாண்டி மேலும் கால் கட்டம், சுமார் 8,230. பெங்களூரு–சான் பிரான்சிஸ்கோ ஐந்தரைக்குச் சற்று மேல்.

சென்ற ஆண்டு என் எட்டாம் வகுப்பில் ஒரு மாணவி இந்தப் பட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டு உருண்டையின் அருகிலேயே நின்றாள். மணி அடித்தும் போகவில்லை. 'என்னம்மா?' என்றேன். 'குவைத் எங்க மிஸ் இருக்கு?' என்றாள். காட்டினேன். அம்மா வீட்டு வேலைக்காகக் குவைத்துக்குப் போகப்போகிறார், பாட்டியோடு இருக்கப்போகிறாள். அந்தப் பிள்ளை அதுவரை திருத்தணியைத் தாண்டிப் போனதில்லை. 'டில்லியவிடத் தூரமா மிஸ்?' என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. 'நீயே அளந்து பார்' என்றேன்.

ஒன்றரைக் கட்டம் வந்தது. இரண்டாயிரத்து ஐந்நூறோடு ஆயிரத்து இருநூற்று ஐம்பதைக் கூட்டினாள். 3,750. உண்மையான தூரம் சுமார் 3,780 கிலோமீட்டர். ஒரு காகிதப் பட்டைக்கு இது மோசமான விடை இல்லை. டில்லியைப் போல் இரண்டு மடங்கைவிடக் கொஞ்சம் கூட. விமானத்தில் ஐந்து மணி நேர அளவில் போய்விடலாம் என்றேன். 'நம்ம ஊர்ல இருந்து மதுரைக்கு பஸ்ல போறத விடச் சீக்கிரமா?' என்று கேட்டாள். 'ஆமாம்' என்றேன்.

அடுத்த வகுப்பு நேர மண்டலம். இந்தியாவின் திட்ட நேரம் 82½° கிழக்கு. குவைத்தின் நேரம் 45° கிழக்கை ஒட்டியது. வித்தியாசம் 37½ டிகிரி. பூமி மணிக்கு 15 டிகிரி சுழல்கிறது. வகுத்தால் இரண்டரை மணி நேரம். கிழக்கே இருக்கும் நமக்கு முதலில் விடிகிறது. எனவே அங்கே மணி குறைவு. மறுநாள் அவள் நோட்டின் கடைசிப் பக்கத்தைக் காட்டினாள். இரண்டு வரிசையில் மணிகள் எழுதியிருந்தாள். ஒரு பக்கம் 'அம்மா', மறு பக்கம் 'நான்'. அம்மாவுக்கு மாலை 6 என்றால் தனக்கு இரவு 8:30 என்ற வரியை மட்டும் வட்டமிட்டிருந்தாள். பேசுவதற்கு அந்த நேரம்தான் இருவருக்கும் வசதி என்று அவளே முடிவு செய்திருந்தாள்.

தூரம் குறையவில்லை. அந்த 3,780 கிலோமீட்டர் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் பெயர் மட்டும் தெரிந்த ஊரில் அம்மா இருப்பதற்கும், ஒன்றரைக் கட்டம், ஐந்து மணி நேரம், இரண்டரை மணி வித்தியாசம் என்று தெரிந்த ஊரில் அம்மா இருப்பதற்கும் ஒரு குழந்தைக்கு வேறுபாடு உண்டு என்று நான் நினைக்கிறேன். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் நம் வகுப்புகளில் துபாய், மஸ்கட், சிங்கப்பூர் என்று அப்பாவோ மாமாவோ போயிருக்கும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று நீங்களும் அறிவீர்கள்.

போன் சொல்லும் மூன்று விடைகள்

பிள்ளைகள் போனில் தேடுவதைத் தடுக்கவேண்டாம். அதையும் பாடமாக்கலாம். சென்னை–லண்டன் தூரத்தைத் தேடச் சொன்னால் ஒருவர் 8,230 என்பார், இன்னொருவர் 5,115 என்பார், மூன்றாமவர் 4,444 என்பார். சண்டை வரும். மூன்றும் சரி. முதலாவது கிலோமீட்டர், இரண்டாவது மைல், மூன்றாவது கடல் மைல். அட்சத்தில் ஒரு டிகிரியை அறுபதாகப் பிரித்தால் ஒரு பங்கு ஏறத்தாழ ஒரு கடல் மைல். 1,852 மீட்டர் என்று வரையறுத்திருக்கிறார்கள். கப்பலும் விமானமும் இன்றும் அதில்தான் அளக்கின்றன. எண்ணைச் சொன்னால் அலகையும் சொல்லவேண்டும் என்று எத்தனை முறை சிவப்பு மையில் எழுதினாலும் பதியாதது, இந்த ஒரு சண்டையில் பதிந்துவிடும். சில சமயம் பத்து இருபது கிலோமீட்டர் மாறி வரும். அது நகரின் நடுவிலிருந்து அளந்ததா, விமான நிலையத்திலிருந்து அளந்ததா என்ற வித்தியாசம்.

அடுத்து, விமானம் இந்தத் தூரம்தான் பறக்குமா? பெரும்பாலும் இதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே பறக்கும். வான்பாதைகள் வகுக்கப்பட்டவை. புயல் இருந்தால் விலகவேண்டும். உயரே மேற்கிலிருந்து கிழக்காக வீசும் பலத்த காற்று உண்டு. அது போகும்போது எதிர்க்காற்று, வரும்போது துணைக்காற்று. அதனால்தான் சென்னையிலிருந்து லண்டன் போவதைவிட அங்கிருந்து திரும்பி வரும்போது நேரம் குறைகிறது. தூரம் ஒன்றுதான், நேரம் இரண்டு.

இதற்கும் மேல் மனிதர்கள் போடும் கோடுகள் இருக்கின்றன. 2019 பிப்ரவரி இறுதியில் பாகிஸ்தான் தன் வான்வெளியை மூடியது. ஜூலை வரை டில்லியிலிருந்து ஐரோப்பா போகும் விமானங்கள் சுற்றிக்கொண்டு போயின. 2022-இல் உக்ரைன் போர் தொடங்கியபின் பல நாட்டு விமானங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடப்பட்டது. உருண்டையின் மேல் நூல் காட்டும் வழி மாறவில்லை; அந்த வழியில் போக முடியவில்லை. கணக்கு சொல்லும் தூரம் ஒன்று, உலகம் அனுமதிக்கும் தூரம் ஒன்று. வரலாறும் குடிமையியலும் புவியியலோடு சேரும் இடம் இது. சமூக அறிவியல் என்று ஒரே பெயரில் நம்மிடம் இவற்றைக் கொடுத்திருப்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

மேல் வகுப்புகளுக்கு

மேல்நிலை வகுப்பு எடுக்கும் கணித ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். திரிகோணமிதி பயன்படும் இடம் எது என்று பிள்ளைகள் கேட்டால் இதைக் கொடுங்கள். இரண்டு ஊர்களின் அட்சங்களின் சைன் மதிப்புகளைப் பெருக்குங்கள். பிறகு இரண்டு அட்சங்களின் கொசைன் மதிப்புகளையும், தீர்க்க வித்தியாசத்தின் கொசைனையும் பெருக்குங்கள். இரண்டையும் கூட்டினால், பூமியின் மையத்தில் அந்த இரு ஊர்களும் உண்டாக்கும் கோணத்தின் கொசைன் கிடைக்கும்.

சென்னை 13°, லண்டன் விமான நிலையம் 51½°, தீர்க்க வித்தியாசம் 80½° அளவு. முதல் பெருக்கல் 0.176. இரண்டாவது 0.1. கூட்டினால் 0.276. அந்தக் கொசைனுக்கு உரிய கோணம் ஏறத்தாழ 74 டிகிரி. இனி எட்டாம் வகுப்பு வட்ட வில் சூத்திரம்: 74-ஐ 360-ஆல் வகுத்து 40,000-ஆல் பெருக்கினால் 8,222. விமானத் துறை சொல்லும் எண்ணுக்குப் பத்துக் கிலோமீட்டருக்குள் வந்துவிட்டோம். ஒரு பதினொன்றாம் வகுப்பு மாணவருக்கு இதைவிடப் பெருமை எது?

மீதி வித்தியாசத்தில் பூமி முழு உருண்டை இல்லை என்பதற்கும் பங்கு உண்டு. நிலநடுக்கோட்டில் ஆரம் 6,378 கிலோமீட்டர், துருவத்தில் 6,357. இருபத்தொரு கிலோமீட்டர் தட்டையாக இருக்கிறது. நம் வகுப்பறைக் கணக்குக்கு இது பொருட்டில்லை.

நேரம் எங்கே இருக்கிறது?

இதையெல்லாம் கேட்டுவிட்டு நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். பாடத்திட்டத்தை முடிக்கவேண்டும், பதிவேடுகள் இருக்கின்றன, செயலியில் பதிவேற்றம் இருக்கிறது, இதற்கு எங்கே நேரம்? நியாயமான கேள்வி. நானும் அதே பதிவேடுகளை எழுதுகிறவள்தான்.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். யாழ்ப்பாணம்–மதுரைக் கேள்விக்கு அரைப் பாடவேளை. நூல் பிடிக்க அரைப் பாடவேளை. காகிதப் பட்டைக்கு ஒரு பாடவேளை. ஆக இரண்டு பாடவேளைகள். இந்த இரண்டில் அட்சக்கோடு, தீர்க்கக்கோடு, நேர மண்டலம், வரைபட அளவை, வட்ட வில், அலகு மாற்றம் ஆறும் வந்துவிடுகின்றன. ஆறையும் தனித்தனியாக நடத்தினால் இதைவிட அதிக நேரம் ஆகும். கணித ஆசிரியரும் சமூக அறிவியல் ஆசிரியரும் ஒரு வெள்ளிக்கிழமை மாலை பேசி வைத்துக்கொண்டால் ஆளுக்கு ஒரு பாடவேளை, அவ்வளவுதான்.

இன்னொரு தயக்கமும் உண்டு. 'விமானத்தில் ஏறவே வாய்ப்பில்லாத பிள்ளைகளுக்கு இது எதற்கு?' என்று சிலர் அன்போடுதான் கேட்கிறார்கள். அந்த அன்பில் ஓர் அபாயம் இருக்கிறது. வாய்ப்பில்லை என்று நாம் முடிவு செய்துவிட்டால், பிள்ளைகளும் அதைப் படித்துக்கொள்வார்கள். நாம் நடத்துகிற எல்லாப் பாடத்தையும்விட வேகமாகப் படித்துக்கொள்வார்கள். மேலும் அது உண்மையும் இல்லை. விமானத்தைப் பழுதுபார்ப்பவர்கள், அதில் சரக்கு ஏற்றுபவர்கள், வழி காட்டுபவர்கள், ஓட்டுபவர்கள் என்று இந்தத் துறையில் வேலைகள் பல. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அவற்றில் சிலவற்றுக்கு நம் பிள்ளைகள் போவார்கள். போகாதவர்களின் வீட்டிலிருந்தும் யாராவது ஒருவர் விமானம் ஏறிப் பிழைக்கப் போவார். தூரம் அவர்கள் வீட்டுக்குள் வந்துவிட்ட பிறகு, அதை அளக்கக் கற்றுக்கொடுப்பது கூடுதல் வேலை ஆகாது.

எனவே உங்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. பள்ளிக்குப் போனதும் பீரோவைத் திறந்து உலக உருண்டையை வெளியே எடுங்கள். தூசியைத் தட்டி, பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு மேசையில் வையுங்கள். உடைந்துவிடும் என்று பூட்டி வைத்த உருண்டையும் உடைந்துபோன உருண்டையும் பிள்ளைக்கு ஒன்றுதான். பக்கத்தில் ஒரு நூல்கண்டை வையுங்கள். நீங்கள் எதுவும் சொல்லவேண்டாம். ஒரு வாரம் பாருங்கள். யார் எந்த ஊரைத் தேடுகிறார்கள் என்று கவனியுங்கள். அதிலேயே அந்தப் பிள்ளைகளின் வீட்டுக் கதை உங்களுக்குத் தெரியவரும்.

இங்கே முன்மேசையில் இருபது காகிதப் பட்டைகள் மடித்து வைத்திருக்கிறேன். நம் மையத்தில் இருக்கும் உருண்டையின் அளவுக்கு வெட்டியவை. உணவு இடைவேளையில் எடுத்து அளந்து பாருங்கள். உங்கள் பள்ளி உருண்டைக்கு நீங்களே புதிதாக வெட்டிக்கொள்ளவேண்டும். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் வகுப்புப் பிள்ளைகள் அளந்த ஊர்களின் பட்டியலைக் கொண்டுவாருங்கள். எல்லாவற்றையும் சேர்த்து நம் குறுவளமையத்துக்கு ஒரே தூர அட்டவணை தயாரிப்போம்.